லாரி எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்: அறிகுறி வழியே பழுதைக் கண்டறியும் முறை

கனரக லாரியின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து, லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழல்), பிஸ்டன், ரிங், பேரிங் அனைத்தையும் புதிதாகப் போட்டு ஓவர்ஹால் முடித்த சில மாதங்களிலேயே அதே பழுதோடு வண்டி பட்டறைக்குத் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கோத்த கைகளில் குறை இருக்கவில்லை. முதலில் இருந்த பாகங்கள் ஏன் தேய்ந்தன என்ற கேள்விக்கு விடை காணாமலேயே புதிய பாகங்கள் மாட்டப்பட்டிருந்தன. அதனால்தான் இவ்வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் போகிறது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றுவது இதில் கடைசிக் கட்டம். இங்கே வரும் அளவுகள் பொதுவான வரம்புகளே. கையில் இருக்கும் எஞ்சினுக்கு அதன் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுதான் இறுதியானது.

எதையும் தொடுவதற்கு முன்

ஓட்டுநரிடம் பேசுவதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பழுது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகா. பாரம் ஏற்றிய வண்டியிலா, வெறும் வண்டியிலா. திடீரென வந்ததா, மெல்ல மெல்ல வளர்ந்ததா. அதற்குச் சற்று முன் என்ன வேலை பார்க்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் பாதி வேலையைக் குறைத்துவிடும். எஞ்சினின் கணினியான இசிஎம்மில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடிப்பதற்கு முன் பரிசோதனைக்கு ஒரு குப்பி எடுத்து வையுங்கள், ஏனென்றால் வடித்துவிட்ட ஆயிலோடு சாட்சியமும் போய்விடுகிறது.

ஆயிலில் தண்ணீர் இறங்குகிறதோ என்ற ஐயம் இருந்தால், எஞ்சினை இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டியின்) வடிகால் திருகை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இரவில் அது அடியில் போய்த் தங்கியிருக்கும். திருகின் மரையைச் சுற்றி முதலில் கசிவது கறுப்பு ஆயிலா, கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின்) நிறம் கொண்ட தெளிந்த சொட்டுகளா என்பதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். டிப் ஸ்டிக்கில் பால் போன்ற வெளுப்பு தெரிவதற்குப் பல நாள் முன்பே இந்தச் சொட்டுகள் உண்மையைச் சொல்லிவிடும்.

எஞ்சின் சுழலவில்லை, அல்லது சுழன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் மோட்டார் ஒருமுறை ‘டக்’கென்று அடித்து அப்படியே நின்றால், பேட்டரியின் மீது பழி போட்டு மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டருக்குள் திரவம் நிரம்பியிருக்கலாம். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும். டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பினால் எந்தச் சிலிண்டரிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று தெரியும். டீசலாக இருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர். கூலன்ட்டாக இருந்தால் ஹெட் கேஸ்கட், விரிசல் விட்ட ஹெட், துளை விழுந்த லைனர், அல்லது இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது). அதன்பின் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டாலும் அந்த ராடை நம்ப வேண்டாம். ஹெட் கழன்றிருக்கும் நாளில் எல்லாப் பிஸ்டன்களின் உச்ச நிலை உயரத்தையும் டயல் கேஜால் ஒப்பிட்டுப் பார்த்தால், வளைந்த ராடின் பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும்.

நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வரும் வழியைப் பாருங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயில் ஒரு அடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் ஹோஸை இடையில் இணைத்தால், காற்றுக் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் எஞ்சின்களில் ரயில் அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவை, பல எஞ்சின்களில் 150 முதல் 250 பார் வரையிலான ஓர் அளவை, எட்டாத வரை இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. ஆகவே செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேன் கருவியில் ரயில் அழுத்தத்தைப் படியுங்கள். அழுத்தம் ஏறவில்லை என்றால் உயர் அழுத்தப் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (டேங்குக்குத் திரும்பும் டீசல்) அளவையும் தனித்தனிக் குப்பியில் பிடித்து ஒப்பிடுங்கள். உள்ளே தேய்ந்துபோன ஒரே ஒரு இன்ஜெக்டர் மொத்த அழுத்தத்தையும் ரிட்டர்ன் வழியே விட்டுவிடும்.

பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இன்னும் போகவில்லை. காமன் ரயிலில் அதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. பாரத்தில் ஓடும்போது பல எஞ்சின்களில் 1,600 பாருக்கு மேல், சில எஞ்சின்களில் 2,500 பார் வரை அழுத்தம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும், ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

புகை, இழுவைக் குறைவு

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. பெரும்பாலும் காற்றுதான் குறைவு. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்டேக் வரை உள்ள பாதையை மூடி, மேனுவல் சொல்லும் அழுத்தத்தில் காற்றை நிரப்பிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசிவு நுரைத்துக் காட்டும். வெண்புகையில் இரண்டு வகை உண்டு. கண்ணை எரிக்கும் காரமான புகை எரியாத டீசல். எஞ்சின் சூடேறிய பிறகும் விடாமல் இனிப்பு வாடையோடு வருவது கூலன்ட். நீலப் புகை ஆயில். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்திய வண்டிகளில் சைலன்சர் வாயில் கறுப்புப் புகையைத் தேடிப் பயனில்லை, வடிகட்டி அதை மறைத்துவிடும். அங்கே புகைக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது ரீஜெனரேஷனின் (வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பதன்) இடைவெளி. முன்பு நீண்ட இடைவெளியில் வந்துகொண்டிருந்தது இப்போது அடிக்கடி வருகிறது என்றால், டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடாது. கரியையும் ஆயில் சாம்பலையும் அனுப்பிக்கொண்டிருக்கும் எஞ்சின் அப்படியே இருக்கிறது.

கூலன்ட் குறைகிறது, ஆயில் கலக்கிறது, எஞ்சின் ஹீட் ஆகிறது

தவறான ஓவர்ஹால்கள் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். ஆகவே இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும்.

முதலில் எது எதற்குள் போயிருக்கிறது என்று பாருங்கள். ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் சுமார் 3 முதல் 5 பார். கூலன்ட் அழுத்தமோ பெரும்பாலும் 1 பாரைச் சுற்றியே இருக்கும். ஆகவே ஆயில் கூலர் கசிந்தால் ஓடும்போது ஆயில்தான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் இறங்கிவிட, சூட்டினால் அழுத்தம் தங்கியிருக்கும் கூலன்ட் மெல்ல ஆயில் பக்கம் போகும். எக்ஸ்பான்ஷன் டேங்கில் (கூலன்ட் தொட்டியில்) தடித்த ஆயில் படலம் நிறைய மிதந்து, சம்ப்பில் தண்ணீர் இல்லை என்றால் முதல் ஐயம் ஆயில் கூலர் மீதுதான் விழ வேண்டும், ஹெட் மீது அல்ல. ஆயிலில் மட்டும் கூலன்ட் இருக்கிறது, டேங்க் சுத்தமாக இருக்கிறது என்றால் லைனரும் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஓ ரிங்குகளும் முதலில் வரும். ஆயிலும் சுத்தம், வெளியே ஒழுகலும் இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் இஜிஆர் கூலரைக் கழற்றிச் சோதியுங்கள்; அதன் கசிவு புகையோடு வெளியேறிவிடுவதால் ஆயிலிலோ எஞ்சினின் வெளிப்புறத்திலோ தடயம் வைக்காது.

டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு கட்டுவது வழக்கம். ஆனால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரஸரின் தலைப் பகுதியிலும் கூலன்ட் ஓடுகிறது. அதன் கேஸ்கட் விட்டுப்போனால் அந்தக் காற்றும் இதே போலக் குமிழிகளாகத்தான் வரும். கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு கூலன்ட் குழாய்களையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாய்களைத் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்துச் சில நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றுவிட்டால் ஹெட்டைத் தொட வேண்டியதே இல்லை. குமிழி நிற்கவில்லை என்றால், சிலிண்டரின் எரிப்பு வாயு பட்டால் நிறம் மாறும் சோதனைத் திரவத்தால் உறுதி செய்துகொண்டு, ஹெட் கேஸ்கட், ஹெட் விரிசல், இன்ஜெக்டர் ஸ்லீவ் (இன்ஜெக்டரைச் சூழும் உறை) என்ற மூன்றுக்கும் இடையே தேடலாம்.

லைனரா ஹெட்டா என்று பிரித்தறியச் சம்ப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினின் கூலன்ட் வழியில் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, கீழே படுத்துக் கைவிளக்கால் மேலே பாருங்கள். லைனரின் வெளிச்சுவருக்கும் பிளாக்குக்கும் இடையிலிருந்து சொட்டினால் ஓ ரிங். லைனரின் உட்சுவர் வழியாகவோ பிஸ்டனைச் சுற்றியோ இறங்கினால் லைனரில் துளை, அல்லது மேலே ஹெட்டில் பழுது. கசிவு மிக மெதுவாக இருந்தால் இரவு முழுக்க அழுத்தத்தில் விட்டு, அடியில் சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள்; சொட்டு விழுந்த இடம் சிலிண்டரைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படி ஒரு எஞ்சினிலிருந்து கழற்றிய லைனரை நன்றாகக் கழுவி, இருட்டறையில் அதற்குள் ஒரு பல்பை எரியவிட்டுப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிச்சுவரின் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், கறையான் அரித்தது போலக் குழிகள். அவற்றில் இரண்டு குழிகளின் அடியிலிருந்து குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. உட்பக்கத்தில் ஹோனிங் கோடுகள்கூட (ஆயில் தங்கப் போடும் நுண்கீறல்கள்) அழியவில்லை. தேய்மானம் என்று சொல்ல எதுவுமே இல்லாத லைனர் அது. ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போது லைனர் மணி போல அதிர்கிறது. அந்த அதிர்வில் வெளிச்சுவரை ஒட்டிய கூலன்ட்டில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பைத் துளித் துளியாகப் பெயர்க்கிறது. கூலன்ட்டில் இருக்கும் நைட்ரைட், மாலிப்டேட் போன்ற காப்புப் பொருள்கள் லைனரின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அந்த அடியைத் தாங்குகின்றன. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காப்புப் பொருளின் செறிவு குறைந்துபோன எஞ்சினில் அந்தப் படலம் இருக்காது. அந்த வண்டிக்குப் புதிய லைனர் போட்டுப் பழைய வழக்கப்படியே தண்ணீர் ஊற்றினால், புது லைனரும் அதே கோட்டில் அரிக்கப்படும். உற்பத்தியாளர் சொல்லும் கூலன்ட்டை உப்பு நீக்கிய நீரோடு கலந்து பயன்படுத்துவதும், சோதனைத் தாளால் செறிவை அவ்வப்போது பார்ப்பதும்தான் இதற்கு மருந்து. காப்புப் பொருளை அளவுக்கு மேல் ஊற்றினாலும் அது கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும்.

ஹீட் ஆவதற்கு எளிய காரணங்களை முதலில் ஒழியுங்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சிக்கியிருக்கும் தூசிப் பொதி முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டையும் விலக்கித்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதுவே போதும்: 1 பார் மேலழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வு அல்ல. பல எஞ்சின்களில் அது இல்லாதபோது பைபாஸ் வழி மூடப்படாமல், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும்.

ஆயில் குடிக்கிறது, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது

ஆயில் மூடியைத் திறந்ததும் புகை வருகிறது, ஆகவே எஞ்சின் போய்விட்டது என்ற தீர்ப்பை நான் ஏற்பதில்லை. பேக் கம்ப்ரஷனை, அதாவது ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும் வாயுவை, அளக்க வேண்டும். மேனுவல் சொல்லும் அளவில் துளையிட்ட மூடியைப் பிரீதரில் (கிராங்க்கேஸின் காற்றுப் போக்கியில்) பொருத்தி, தண்ணீர் மானோமீட்டரால் கிராங்க்கேஸ் அழுத்தத்தைப் படியுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால், ஏர் கம்ப்ரஸரின் சுமையை நீக்கி ஒருமுறை, டர்போவின் ஆயில் வடிகால் குழாயை எஞ்சினிலிருந்து பிரித்து ஒரு வாளிக்குள் விட்டு மிகச் சிறிது நேரம் ஓட்டி ஒருமுறை என்று மீண்டும் அளக்க வேண்டும். இரண்டிலும் அளவு இறங்கவில்லை என்றால்தான் ரிங்குகளின் மேல் குற்றம் போகும்.

டர்போவின் காற்றுப் பக்கத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால் உடனே டர்போவை மாற்றுவதும் இதே வகைத் தவறு. அடைத்த ஏர் கிளீனர் ஆயிலை உறிஞ்சி இழுக்கும். உயர்ந்த கிராங்க்கேஸ் அழுத்தம் வடிகாலைத் தடுத்து ஆயிலைத் தள்ளும். ஷாஃப்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மிதக்கும் பேரிங் என்பதால் பக்கவாட்டில் சிறிதளவு ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால்தான் டர்போவின் பழுது.

ரிங் தேய்ந்திருப்பது உறுதியானால் அடுத்த கேள்வி, ஏன் என்பது. ஆயில் பரிசோதனையில் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் மண் தூசி உள்ளே போயிருக்கிறது. ஒரு வண்டிக்கு வேறொரு பட்டறையில் ஓவர்ஹால் முடிந்து சில மாதங்களிலேயே மறுபடியும் ஆயில் குடிக்கத் தொடங்கி, ரிங் தரமில்லை என்று சொல்லி இரண்டாவது முறையும் பிரிக்கப்போன நிலையில் என்னிடம் வந்தது. ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவிலிருந்த ரப்பர் வளைவைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டினேன்; விரல் நுனியில் மாவு போல மென்மையான செம்மண் ஒட்டியது. வளைவின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பிளவு இருந்தது. டர்போவின் கம்ப்ரஸர் இதழ்களின் முனைகள் மழுங்கியிருந்தன. கழற்றிய பிஸ்டன்களில் மேல் ரிங்குகள் கீழ் ரிங்குகளைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தன. தூசி மேலிருந்து, காற்றோடு வந்தது என்பதற்கு அது சான்று. ஆயில் வழியாக அழுக்குப் போயிருந்தால் பேரிங்குகளும் கீழ் ரிங்குகளுமே முதலில் காட்டும்.

தேய்மானமே இல்லாமல் ஆயில் குடிக்கும் எஞ்சினும் உண்டு. மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடும் வண்டிகளில், ரிங்கை லைனரோடு அழுத்தும் எரிப்பு வாயுவின் அழுத்தம் போதாமல், லைனர் கண்ணாடி போல வழவழப்பாகி ஆயிலைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். ஆரம்பத்திலேயே கண்டால், முழுப் பாரத்தில் சில நாள் ஓட்டுவது மட்டுமே சில எஞ்சின்களை மீட்டிருக்கிறது.

ஆயில் அழுத்தம் குறைகிறது

சென்சாரை நம்பாமல் நேரடி அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். அளவு உண்மையிலேயே குறைவு என்றால் டிப் ஸ்டிக்கை முகருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை வந்தால், நீர்த்துப்போன ஆயில்தான் காரணம், பேரிங் இன்னும் பிழைத்திருக்கலாம். அடுத்து ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறச் செதில்கள் பேரிங்கின் மேற்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் அடிப்பூச்சு வரை போய்விட்டது.

பேரிங்குகளைக் கழற்றும்போது வரிசை மாறாமல் அடுக்குங்கள். எரிப்பின் விசை கனெக்டிங் ராடில் பேரிங்கின் மேல் பாதியையும், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ்ப் பாதியையும் தாக்கும். அந்தப் பாதிகளில் தேய்மானம் சற்று அதிகமாக இருப்பது இயல்பு. ஒரே ஒரு ராடின் பேரிங் மட்டும் எரிந்திருந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது: அடைத்த ஆயில் துளை, வளைந்த ராடு, தவறான டார்க் (போல்ட்டை முறுக்கும் அளவு). எல்லாமே ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் காரணம் ஆயிலில் இருக்கிறது.

தட்டும் சத்தம்

ஸ்கேன் கருவியால் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒன்றை நிறுத்தியதும் சத்தம் முழுதாக மறைந்தால் இன்ஜெக்டர் மேல் ஐயம் கொள்ளலாம். சத்தம் குறைந்து, தன்மை மாறினால் ராடு பேரிங் அல்லது பிஸ்டன் பின். எதற்கும் அசையாத சத்தம் பெரும்பாலும் கியர் வரிசையிலோ ஏர் கம்ப்ரஸரிலோ இருக்கும். குளிரில் மட்டும் வந்து சூட்டில் மறைவது பிஸ்டனின் தளர்ச்சி.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

வண்டியிலேயே வைத்து லைனர், பிஸ்டன், ராடு பேரிங் மாற்றுவதா, எஞ்சினை இறக்குவதா என்ற முடிவு கிராங்க்கையும் பிளாக்கையும் பொறுத்தது. கிராங்க் ஜர்னலில் (பேரிங்கில் சுழலும் பகுதியில்) கீறலோ நீல நிறமோ இருந்தால், மெயின் பேரிங் ஏதேனும் சுழன்றிருந்தால், பிளாக்கில் லைனர் உட்காரும் விளிம்பு அரித்திருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். லைனர் பிளாக்கின் மேல்தளத்துக்கு மேல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதைக் கிளாம்பால் அழுத்திப் பிடித்து, நான்கு இடங்களில் டயல் கேஜால் அளக்காமல் ஹெட்டை ஏற்றவே கூடாது. அது பெரும்பாலான எஞ்சின்களில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள்தான். ஆனால் அருகருகே உள்ள லைனர்களில் அது ஒத்துப்போகாவிட்டால் புது ஹெட் கேஸ்கட் சில ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது.

தயாரிப்பிலேயே உடைத்துப் பிரித்த வகை கனெக்டிங் ராடுகளின் மூடிகள் அந்தந்த ராடோடு மட்டுமே பொருந்தும். உடைந்த முகத்தைத் தரையில் படும்படி வைத்தாலே பொருத்தம் கெட்டுவிடும். நீட்சி வரை முறுக்கப்படும் போல்ட்டுகளை, மேனுவல் மறுமுறை அனுமதித்தால் ஒழிய, மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

பேரிங் உதிர்ந்த எஞ்சினில் பழைய ஆயில் கூலரைக் கழுவித் திரும்ப மாட்டாதீர்கள். அதன் உள் மடிப்புகளில் தங்கிய உலோகத் துகள் எந்தக் கழுவலுக்கும் முழுதாக வெளியே வராது. புதிய பேரிங்குகள் மீதுதான் அது இறங்கும். டர்போ உடைந்த எஞ்சினில் இன்டர்கூலருக்கும் இதே விதி. அதற்குள் அலுமினியத் துண்டுகள் இருக்கும். தேங்கிய ஆயிலும் இருக்கும், அந்த ஆயில் எஞ்சினைக் கட்டுக்கடங்காமல் ஓடவைக்கவும் கூடும்.

கோத்து முடித்ததும் ஆயில் வழிகளை வெளி அழுத்தத்தால் நிரப்புங்கள், டர்போவுக்கும் ஆயில் ஊற்றுங்கள், டீசலை நிறுத்திவைத்துச் செல்ஃபால் சுழற்றி ஆயில் அழுத்தம் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கசிவு பார்த்த பின் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாமல் பாரத்தில் ஓட்டுங்கள். ரிங் லைனரில் படிவதற்கு எரிப்பு வாயுவின் அழுத்தம் வேண்டும். முதல் பார ஓட்டம் முடிந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஐடிலிங்கில் ஆயில் அழுத்தம், முழு வேகத்தில் கிராங்க்கேஸ் அழுத்தம், ரயில் அழுத்தம், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வண்டியின் கோப்பில் வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து யாரேனும் மூடியைத் திறந்து புகை வருகிறது என்று சொல்லும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் தேவைப்படும்.